அம்மாவின் சாமான் துண்டும் கடைக்காரரின் பில்லும்

போன கிழமை என் லப்டொப்பில் இடம் முடிந்துவிட்டது. மொத்தமே 256 ஜிபி, அதில் பாதி வீட்டாரின் கல்யாண வீடியோக்கள், அதில் கை வைத்தால் அம்மா சோறு போடமாட்டார். வேறு எதை அழிக்கலாம் என்று தேடிக்கொண்டு போனால் பைதான் நிரல்மொழியில் நான் எழுதிய புரோஜெக்ட் கோப்புறை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வென்வ் படுத்திருக்கிறது, அதாவது அந்த நிரலுக்கு வேண்டிய பேக்கேஜ்களை, பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை, தனியாகப் போட்டுவைக்கும் இடம். சிலவற்றுக்குள் இரண்டு மூன்று. வென்வ், வென்வ்-நியூ, வென்வ்-நியூ-2, டெஸ்ட், டெஸ்ட்-கடைசி. எண்ணிப் பார்த்தேன், 31. எல்லாம் சேர்த்து 38 ஜிபி. ஒரே மூச்சில் முப்பதை அழித்தேன்.

பக்கத்தில் இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்த சின்னம்மாவின் மகன் கோப்பையை வைத்துவிட்டு எழும்பியே விட்டான். "அண்ணன், எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா? நாளைக்கு ஓட்டவேணுமெண்டா என்ன செய்யிற?" அவன் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். சனி ஞாயிறில் மட்டக்களப்புக் கல்லடிக்கு வருவது என்னைப் பார்க்க என்று சொல்வான், உண்மையில் என் வீட்டு வைஃபைக்கு. அவனுடைய லப்டொப்பில் ஒரு வென்வ் இருக்கிறது, அதைப் பொன்னைப்போலப் பொத்திப் பாதுகாக்கிறான், ஏனென்றால் அது ஒருநாள் எப்படியோ ஓடிவிட்டது, எப்படி ஓடியது என்று அவனுக்குத் தெரியாது.

நானும் அப்படி இருந்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கட்டளைகளை எல்லாம் தமிழ் எழுத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன், வாயில் சொல்வதுபோல. தட்டும்போது நீங்கள் பார்த்துத் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய கதை ஒன்று. அப்போது என்னிடம் இருந்தது உபுண்டு என்ற லினக்ஸின் 18.04 பதிப்பு, அதோடு வந்தது பைதான் 3.6. எனக்கு 3.8 வேண்டியிருந்தது. நிறுவினேன், அதோடு நிறுத்தியிருக்கலாம். பைதான்3 என்று தட்டினால் இனி 3.8 தான் வரவேண்டும் என்று இணைப்பையும் மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறக்கச் சொடுக்குகிறேன், திறக்கவில்லை. ஒரு பிழைச்செய்திகூட இல்லை. விஷயம் என்னவென்றால், உபுண்டுவில் அந்த டெர்மினலைத் தொடக்கிவைப்பதே ஒரு பைதான் நிரல், அதற்குத் தேவையான பகுதி 3.6க்கென்று கட்டப்பட்டது, 3.8க்குள் அது இல்லை. பிழையைத் திருத்த டெர்மினல் வேண்டும், டெர்மினலைத் திறக்கப் பிழை திருந்த வேண்டும். கடைசியில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில் உட்கார்ந்து ஒரு வழியாக மீட்டேன். கணினியோடு வரும் பைதான் கணினியினுடைய சொந்தச் சொத்து, நாம் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது உபுண்டுவும் இன்னொரு லினக்ஸான டெபியனும் இதைத் தாங்களே தடுத்துவிட்டன. டெபியன் 12இல், அல்லது உபுண்டு 24.04இல், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பிப் என்ற கருவியைக் கூப்பிட்டு, சும்மா பிப் இன்ஸ்டால் என்று தட்டிப் பாருங்கள், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல், போய் வென்வ் செய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பும். அதையும் மீறுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அந்த வழியின் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. பெயரை வாசித்த பிறகும் அதைப் பாவிக்கிறவர்களுக்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சரி, வென்வ் என்றால் என்ன? ஒரு கோப்புறை. அவ்வளவுதான். உள்ளே பைதானுக்கு ஓர் இணைப்பு, பேக்கேஜ்கள் போய் விழ ஒரு சைட்-பேக்கேஜஸ், மூலப் பைதான் எங்கே இருக்கிறது என்று நாலைந்து வரியில் சொல்லும் ஒரு சின்னக் கோப்பு. 2007இல் இயன் பிக்கிங் என்பவர் விர்ச்சுவல்என்வ் என்ற கருவியை எழுதினார், அந்த யோசனையை எடுத்து 2012இல் பைதான் 3.3 வென்வ் என்று தன்னோடேயே சேர்த்துக்கொண்டது. ஏன் தேவைப்பட்டது? ஒரு வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், ஒரு சைட்-பேக்கேஜஸுக்குள் ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்பு இருக்க முடியாது. இணையத்தளம் கட்டும் பேக்கேஜான ஜாங்கோ ஒரு வேலைக்குப் பழையது, இன்னொன்றுக்குப் புதியது என்றால் இரண்டு வீடு வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் உலகத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை, அங்கே பேக்கேஜ்கள் பிறவியிலேயே அந்தந்தக் கோப்புறைக்குள் விழும்.

வேலை தொடங்கும்போது வென்வை ஆக்டிவேட் செய்வது ஏதோ மந்திரம் என்று என் தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். கட்டளைகளைத் தேடும் பாதைகளின் வரிசை ஒன்று இருக்கிறதே, பாத், அதில் வென்வின் கோப்புறையை முன்னுக்குத் தூக்கி வைப்பதுதான் அது செய்கிற பெரிய வேலை. ஆகவே ஆக்டிவேட் செய்யாமலே வென்வுக்குள் இருக்கும் பைதானை முழுப் பாதையோடு கூப்பிட்டால் போதும், அதே பலன். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல் ஆக்டிவேட் ஸ்கிரிப்டை ஓடவிடமாட்டேன் என்று சிவப்பில் கத்தும்போது அதோடு மல்லுக்கட்டாமல் நான் செய்வது இதைத்தான். பிப்பையும் தனியாகக் கூப்பிடுவதில்லை, 'பைதான் -எம் பிப்' என்றுதான் கூப்பிடுவேன், எந்தப் பைதானின் பிப் என்ற சந்தேகமே வராது. இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சப்படுத்திய இரவுகள் கொஞ்சமல்ல.

இனி சம்மாந்துறைக் கதைக்கு வருகிறேன்.

அங்கே ஒரு நெல் மில். அதன் முதலாளி ஹாஜியாருக்கு நான் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். யார் எத்தனை மூட்டை கொண்டுவந்தார், ஈரம் எவ்வளவு, எவ்வளவு கழிவு, யாருக்கு எவ்வளவு காசு பாக்கி என்று எக்செல் கோப்புகளை வாசித்து அன்றன்றைக்குக் கணக்குப் போட்டுத் தரும். அட்டவணைக் கணக்குகளுக்கான பாண்டாஸ் என்ற பேக்கேஜைக் கொண்டு எழுதியது. ஒரு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. 2024 ஜூனில், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை, அவர் புதுக் கொம்பியூட்டர் வாங்கினார். "தம்பி, வந்து பழையதில இருக்கிறதை இதில போட்டுத் தாங்க." ஒரு மணித்தியால வேலை என்று சொல்லிவிட்டுக் கல்முனை பஸ் ஏறினேன். கல்லடியில் ஏறினால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கடற்கரை ஓரமாக ஊர் ஊராக நின்று நின்று போகும், கல்முனையில் இறங்கி வேறு பஸ். காலை பத்து மணிக்கு மில்லில் இருந்தேன். திரும்பும்போது இருட்டிவிட்டது.

கொம்பியூட்டர் விற்றவர்கள் அதில் புத்தம்புதிய பைதான் 3.12 போட்டுக் கொடுத்திருந்தார்கள். நிரலுக்கு வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் என் ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பில், வேறு பதிப்பு வரக்கூடாது என்று பாண்டாஸ் 2.0.3 என்று கட்டிவைத்திருந்தேன். இதில் ஒரு சங்கதி. பிப் இறக்குவது பெரும்பாலும் வீல் எனப்படும் முன்கூட்டியே கட்டிவைத்த பொதி. பாண்டாஸ் 2.0.3க்கு 3.11 வரைக்கும்தான் வீல் உண்டு, 3.12க்குக் கிடையாது. வீல் கிடைக்காவிட்டால் பிப் சும்மா இருக்காது, மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டப் பார்க்கும். அதற்கு சி மொழி நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் சி கம்பைலர் வேண்டும், அதுவும் சரியான கம்பைலர் வேண்டும். நெல் மில்லில் அது எங்கே இருக்கும்? திரை முழுக்கச் சிவப்பு. ஹாஜியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், அது இன்னும் மோசம்.

சரி என்று 3.11ஐ இறக்கி நிறுவி, அதில் வென்வ் செய்து, திரும்ப இன்ஸ்டால். இந்த முறை எல்லாம் சுகமாக இறங்கியது. நிரலை ஓட்டினேன். நம்பை என்ற பேக்கேஜுக்குள் இருக்கும் டிடைப் என்ற உள் அமைப்பின் அளவு மாறிவிட்டதாம், எதிர்பார்த்தது 96, கிடைத்தது 88. கோடில் ஓர் எழுத்து மாற்றவில்லை, பழைய கொம்பியூட்டரில் அதே நிமிடம் அதே நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. "பழையதில ஓடினது புதுசில ஓடாதா தம்பி?" என்று ஹாஜியார் கேட்டது நியாயமான கேள்வி.

நடந்தது இதுதான். ஜூன் 16ஆம் திகதி நம்பை 2.0 வெளிவந்திருந்தது. பாண்டாஸ் நம்பையின் மேல் நிற்பது. அதன் உள் பாகங்கள் சியில் எழுதிக் கட்டப்பட்டவை, கட்டும்போது நம்பை 1இன் உள் அளவுகளை நம்பியே கட்டியிருக்கிறார்கள். பழைய போத்தலுக்கென்று செய்த மூடியைப் புதுப் போத்தலில் திருகினால் எப்படி இருக்கும், அப்படி. நம்பை 2 மாற்றத்தை அவர்கள் ஒளித்துச் செய்யவில்லை, பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்தான் பாண்டாஸைக் கட்டிவைத்துவிட்டுப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும் நம்பையைக் கட்டவில்லை. பாண்டாஸ் 2.0.3 நம்பையிடம் கேட்பது இந்தப் பதிப்புக்குக் குறையாமல் இரு என்று மட்டும்தான், இதற்கு மேலே போகாதே என்று கேட்கவில்லை. ஆகவே பிப் சந்தையில் புதிதாக வந்ததை எடுத்துக் கொடுத்தது. அதன்மேல் பிழை சொல்ல முடியாது.

நம்பை 1.26.4 என்று கட்டி நிறுவினேன், ஓடியது. இரண்டு நிமிட வேலை, கண்டுபிடிக்க நாலு மணித்தியாலம்.

அன்று இரவு பஸ்ஸில் வரும்போது அம்மாவின் சாமான் துண்டு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் கடைக்கு அனுப்பும்போது அம்மா ஒரு துண்டு எழுதித் தருவார், பருப்பு, சீனி, தேயிலை, சவர்க்காரம். அவருக்கு என்ன வேண்டும் என்பது அதில் இருக்கும். கடைக்காரர் தரும் பில்லில் வேறு விதமாக இருக்கும், எந்தத் தேயிலை, எத்தனை கிராம், என்ன விலை, கூடவே ஒரு சொப்பிங் பேக். துண்டு என்பது விருப்பம், பில் என்பது நடந்தது. என் ரிக்வயர்மெண்ட்ஸ் கோப்பு இரண்டும் இல்லாத ஒரு கலவையாக இருந்தது. பாதித் துண்டு, பாதிப் பில்.

அந்த மில் நிரலை எடுத்துப் பாருங்கள். எனக்கு வேண்டியது இரண்டே பெயர், பாண்டாஸ், எக்செல் கோப்புகளைத் திறக்கும் ஓபன்பைஎக்செல். நிறுவிய பிறகு வென்வுக்குள் இருப்பது எட்டு. பாண்டாஸ் தன்னோடு நம்பை, டேட்யூட்டில், பைடிஇசட், டிசட்டேட்டா நாலையும் கூட்டிவருகிறது, டேட்யூட்டில் தன் பங்குக்கு சிக்ஸ் என்ற ஒன்றை, ஓபன்பைஎக்செல் இன்னொன்றை. கல்யாண வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டால் குடும்பத்தோடு வருவதுபோல. பிப் ஃப்ரீஸ் கொடுத்தால் இந்த எட்டையும் பதிப்பு எண்ணோடு வரிசையாகத் தரும், நல்லதுதான், ஆனால் எட்டும் ஒரே தோற்றத்தில் நிற்கும், நான் கூப்பிட்டவர் யார், கூட வந்தவர் யார் என்று அதில் தெரியாது. ஆறு மாதம் கழித்து சிக்ஸ் என்பதைப் பார்த்து இதை நான் ஏன் போட்டேன் என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

இப்போது நான் இரண்டு கோப்பு வைத்துக்கொள்கிறேன். துண்டு ஒன்று, அதைக் கையால் எழுதுவது நான், நேரடியாக எனக்கு வேண்டிய பெயர்கள் மட்டும், மிஞ்சிப் போனால் இதற்கு மேல் போகாதே என்று ஒரு வரம்பு. பில் இன்னொன்று, அதைக் கருவி எழுதும், நான் கை வைப்பதில்லை. பிப்-டூல்ஸ் என்ற கருவியில் இருக்கும் பிப்-கம்பைல் துண்டை வாசித்துப் பில்லை எழுதித் தரும், ஒவ்வொரு பெயருக்கும் கீழே இது யாரால் வந்தது என்றும் குறித்து வைக்கும். வேண்டுமென்றால் ஒவ்வொரு பொதிக்கும் அதன் கைரேகை போன்ற ஒரு ஹாஷும் போட்டுத் தரும், நாளைக்கு யாராவது அதே பெயரில் வேறு பொருளைத் தந்தால் பிப் வாங்க மறுத்துவிடும். இரண்டு கோப்பையும் நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' என்ற கருவியில் ஏற்றிவிடுவேன். வென்வை ஏற்றுவதில்லை. பைதான் எந்தப் பதிப்பு என்பதையும் எங்காவது எழுதிவைக்க வேண்டும், என் முதல் இரண்டு மணித்தியாலம் போனது அதை எழுதிவைக்காததால்.

இந்த இரண்டும் கையில் இருந்தால் வென்வ் என்பது தயிர்ச்சட்டி மாதிரி. உடைந்தால் இன்னொரு சட்டி. நான் முப்பதை அழித்தபோது தம்பி பதறினான், நான் பதறாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அவனுடைய வென்வ் கதையையும் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து நெற்பயிரின் இலை நோயை அடையாளம் காணும் புரோஜெக்ட், ஆகவே கணினிக்குப் படங்களை இனங்காணப் பழக்கும் டோர்ச் என்ற பேக்கேஜ் வேண்டும். லினக்ஸில் சும்மா பிப் இன்ஸ்டால் டோர்ச் என்று கொடுத்தால் வருவது என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுக்கான, 'கூடா' எனப்படும் பாகங்கள் எல்லாம் சேர்ந்த பதிப்பு, இரண்டு ஜிபியைத் தாண்டும். இவனுடைய லப்டொப்பில் என்விடியா கார்டே இல்லை. போனை ஹொட்ஸ்பொட் போட்டு இறக்கியிருக்கிறான், டேட்டா முடிந்துவிட்டது, அம்மாவிடம் காசு வாங்கி ரீலோட் போட்டுத் திரும்ப இறக்கியிருக்கிறான். டோர்ச்சின் தளத்தில் சிபியுவுக்கு மட்டுமான பதிப்புகளுக்குத் தனி முகவரி இருக்கிறது, அதைப் பிப்பிடம் சொன்னால் ஏறக்குறைய 200 எம்பியோடு விஷயம் முடிந்தது. இதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அதைவிடக் கொடுமை, அவன் மூன்று வென்வ் செய்து மூன்று முறையும் புதிதாக இறக்கியிருக்கிறான். பிப் ஒருமுறை இறக்கிய வீலைக் கேஷ் எனப்படும் தன் சேமிப்பில் வைத்துக்கொள்ளுமே, ஏன் திரும்ப இறக்குகிறது என்று பார்த்தால், எங்கேயோ பார்த்து 'நோ கேஷ் டிர்' என்பதையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறான். அது நிரலை அதன் சூழலோடு ஒரே பொதியாக்கும் டொக்கரில் இமேஜ் கட்டுகிறவர்கள் இமேஜின் அளவைக் குறைக்கப் போடுவது. நம் ஊரில் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறவனுக்குக் கேஷ்தான் வயிற்றுக் கஞ்சி. பிறகு ஒருநாள் அந்த இரண்டு ஜிபி வென்வை அப்படியே பென்டிரைவில் தூக்கிக்கொண்டு கூட்டாளியின் கொம்பியூட்டரில் ஒட்டியிருக்கிறான், ஓடவில்லை. ஓடாது. வென்வுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகளில் எல்லாம் அது பிறந்த இடத்தின் முழுப் பாதை எழுதியிருக்கும். அதே கணினியில் கோப்புறையின் பெயரை மாற்றினாலே சிலது நின்றுவிடும்.

பென்டிரைவில் கொண்டுபோக வேண்டியது வீல்களை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, வந்த நேரத்துக்கு இணையம் இல்லை, இணையம் வந்தால் டவர் இல்லை, அப்போது பழகியது எனக்கு இது. பிப் டவுன்லோட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பில்லை அதனிடம் கொடுத்தால் எல்லா வீலையும் ஒரு கோப்புறையில் இறக்கி வைக்கும், நிறுவாது. பிறகு இணையமே இல்லாத இடத்தில், வெளியே போகாதே இந்தக் கோப்புறைக்குள்ளேயே தேடு என்று, அதாவது 'நோ இண்டெக்ஸ்', 'ஃபைண்ட் லிங்க்ஸ்' இரண்டையும் சேர்த்து, பிப்பிடம் சொன்னால் நிறுவித் தரும்.

இதிலும் நான் ஒருமுறை சூடு பட்டேன். என்னுடையது லினக்ஸ், மில்லில் விண்டோஸ். நான் வீட்டில் இறக்கிக் கொண்டுபோன பாண்டாஸ், நம்பை எல்லாம் லினக்ஸுக்கான வீல்கள். அங்கே போய்ப் பென்டிரைவைச் செருகினால் பொருத்தமான பதிப்பே இல்லை என்கிறது, கோப்புறைக்குள் அதே பெயரில் கோப்பு கண்முன்னே இருக்கிறது! அன்றைக்குத்தான் வீல் கோப்பின் பெயரை முழுதாக வாசித்தேன். அந்தப் பெயர் அதன் ஜாதகம். பேக்கேஜ் பெயர், பதிப்பு, அப்புறம் சிபி311 என்றால் சிபைதான், அதாவது நாம் வழக்கமாகப் பாவிக்கும் பைதான், 3.11க்கானது, கடைசியில் மெனிலினக்ஸ் என்றால் லினக்ஸ், வின் ஏஎம்டி64 என்றால் 64 பிட் விண்டோஸ், எனி என்றால் எங்கேயும் ஓடும் சுத்தப் பைதான். பிப் டவுன்லோடுக்கு பிளாட்ஃபார்மையும் பைதான் பதிப்பையும் வீல் மட்டும் போதும் என்பதையும் சொல்லிவிட்டால் லினக்ஸில் உட்கார்ந்துகொண்டே விண்டோஸுக்கான சாமான்களைக் கட்டலாம். அந்த எட்டு வீலும் போட்ட பென்டிரைவ் இப்போது ஹாஜியாரின் மேசை லாச்சியில் இருக்கிறது, பிளாஸ்டர் ஒட்டி 'அழிக்காதே' என்று எழுதியிருக்கிறேன். அதில் நாகூர் ஹனிபா பாட்டுகள் ஏற்றப்பட்டிருக்கின்றன, அதற்கும் இடம் இருக்கிறதுதானே, நான் ஒன்றும் சொல்லவில்லை.

மில்லில் இன்னொரு குழப்பமும் நடந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு எட்டு மணிக்குக் கணக்கு தானாக ஓடட்டும் என்று, குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டேன். பாண்டாஸ் என்று ஒன்று இல்லவே இல்லை என்றது. ஷெட்யூலருக்கு வென்வ் என்ன தெரியும், அது கணினியின் பைதானைக் கூப்பிட்டிருக்கிறது. வென்வுக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதையைக் கொடுத்தேன், முடிந்தது. லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் 'கிரான்' என்ற கருவிக்கும் இதே வைத்தியம். நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் சிவப்புக் கோடு விழுந்து நின்றாலும், ஜுப்பிட்டர் நோட்புக்கில் நிறுவியது கிடைக்கவில்லை என்றாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று, எந்தப் பைதான்? ஓடும் பைதானின் பாதையைச் சொல்லும் சிஸ் டொட் எக்ஸிகியூட்டபிள் என்பதை அச்சிட்டுப் பாருங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒரு பேக்கேஜை நிரலுக்குள் கூப்பிடும்போது சிவி2 என்று இம்போர்ட் செய்வோம், நிறுவ வேண்டிய பெயர் ஓபன்சிவி-பைதான். பிஐஎல் என்பதற்குப் பில்லோ. யாமல் என்பதற்குப் பையாமல். இம்போர்ட் பெயரையே அப்படியே பிப்பிடம் கொடுத்தால் வருவது வேறு யாராவது வைத்த வேறு ஏதாவதாக இருக்கலாம், பிரபலமான பெயர்களை ஓர் எழுத்து மாற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பிப், வென்வ் இரண்டின் வேலையையும் செய்யும் யூவி என்ற கருவி பற்றிக் கேட்பீர்கள். 2024 பெப்ரவரியில் வந்தது, ஆஸ்ட்ரல் என்ற நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதியது, வேகம் என்றால் முதல் தடவை பார்க்கும்போது ஏதோ பிழைத்துவிட்டது என்றே நினைப்பீர்கள். எனக்கு வேகத்தைவிடப் பிடித்தது இரண்டு. துண்டு பைபுரோஜெக்ட் கோப்பில், பில் யூவி-லொக் கோப்பில் என்று நான் கையால் கட்டிய ஒழுங்கை அது தானாகவே வைத்திருக்கிறது, பைதானைக்கூடத் தானே இறக்கிக்கொள்ளும். அடுத்தது வட்டு இடம். பிப் ஒவ்வொரு வென்வுக்குள்ளும் முழுப் பிரதி போடும், யூவி முடிந்த இடத்தில் கேஷில் இருக்கும் ஒரே கோப்புக்கு ஹார்ட் லிங்க் கொடுக்கும், பத்து வென்வில் டோர்ச் இருந்தாலும் வட்டில் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். அந்த 38 ஜிபி வந்த வழி இப்போது விளங்கியிருக்கும். புது வேலைகளை எல்லாம் யூவியில்தான் தொடங்குகிறேன். ஆனாலும் தம்பியிடம் முதலில் ஒரு புரோஜெக்ட்டை வென்வும் பிப்பும் கொண்டு செய் என்றுதான் சொன்னேன். ஓட்டோ ஓட்டப் பழகுகிறவனுக்குக் கியர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பில்லைக் கட்டிவைத்துவிட்டு அப்படியே பல வருடம் விடுவதும் சரியில்லை. பழைய பதிப்புகளில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், பிப்-ஆடிட் என்ற கருவி உங்கள் பில்லை வாசித்து எதில் ஓட்டை என்று சொல்லும். ஆனால் கண்ட நேரத்தில் அப்டேட் செய்வதில்லை. வெள்ளாமை வெட்டு நடக்கும் காலத்தில் மில் வாசலில் டிரக்டர் வரிசை நிற்கும், அந்த நேரம் நம்பையில் புதிதாக என்ன வந்தாலும் எனக்குக் காது கேட்காது. பெரும்போகத்து நெல் குற்றி முடிந்து மில் ஓயும்போது ஒருமுறை, சிறுபோகத்துக்குப் பிறகு ஒருமுறை. வீட்டில் புதுப் பில் எழுதி, புது வென்வ் செய்து, போன போகத்துக் கணக்கை அதில் ஓட்டிப் பழைய விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு சதம் வித்தியாசம் வந்தாலும் பழைய பில்தான்.

31இல் 30ஐ அழித்தேன் என்றேன் அல்லவா. மிச்சமிருக்கும் ஒன்று 2019இல் செய்தது, ஒரு கடைக்கான இருப்புக் கணக்கு. துண்டும் இல்லை, பில்லும் இல்லை. அதற்குள் இருக்கும் பைதான் இணைப்பைத் தொடர்ந்து போனால் அங்கே ஒன்றுமில்லை, அது காட்டியது பழைய உபுண்டுவின் 3.6ஐ, நான் உபுண்டுவை மாற்றியபோது அது போய்விட்டது. ஆகவே அதனுடைய பிப்பைக் கொண்டு ஃப்ரீஸ் எடுக்கவும் முடியாது. ஆனால் சைட்-பேக்கேஜஸுக்குள் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் ஒரு கோப்புறை இருக்கிறது, அதன் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது, உள்ளே மெட்டாடேட்டா என்ற கோப்பில் அது யாரைக் கூட்டிவந்தது என்று எழுதியிருக்கிறது. இப்போதைய பிப் என்றால் நாம் நேரே கேட்டு வாங்கியதற்கு ரிக்வெஸ்டெட் என்று ஒரு வெற்றுக் கோப்பும் போட்டு வைக்கும், அந்தக் காலத்துப் பிப் அதைப் போடவில்லை. ஆகவே தம்பியும் நானும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறோம், யார் அழைத்தவர், யார் கூட வந்தவர் என்று கோடு போட்டு. இதுவரை 43 பெயர். அதில் ஆறு ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, தம்பி அந்த ஆறுக்கும் பக்கத்தில் பென்சிலால் 'அண்ணனிடம் கேட்க' என்று எழுதி வைத்திருக்கிறான்.